இன்டர்வெல் மணி அடித்த பிறகு: ஆஸ்பெர்கர் பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

ஆறாம் வகுப்பில் ஒரு நாள் மகன் ஐந்து நிமிடம் தாமதமாக வகுப்புக்குப் போயிருக்கிறான். வாசலில் நின்றவனைப் பார்த்து ஆசிரியை, “என்ன சார், உள்ள வர்றீங்களா, இல்ல மாலை போட்டுக் கூப்பிடணுமா?” என்று கேட்டிருக்கிறார். இவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாலை வேண்டாம் மிஸ், சும்மாவே வர்றேன்” என்றிருக்கிறான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. சாயங்காலம் டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி வந்தது: எதிர்த்துப் பேசுகிறான், பெற்றோர் வந்து பார்க்கவும்.

கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொன்னான், அவ்வளவுதான். அவனுக்கு இருப்பது ஆஸ்பெர்கர் என்கிற வகை ஆட்டிசம்; சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வான். இதை அந்தப் பள்ளிக்குப் புரியவைக்க முடியுமா, முடியாதென்றால் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. நாலு வழி தெரிந்தது. படித்துக்கொண்டிருந்த பெரிய சி.பி.எஸ்.இ. பள்ளியிலேயே, வகுப்பில் அவன் பக்கத்தில் இருந்து உதவுகிற ஒரு ஷேடோ டீச்சரை வைத்துத் தொடர்வது ஒன்று. சிறப்புப் பள்ளி இன்னொன்று. பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டில் வைத்து என்.ஐ.ஓ.எஸ். என்கிற திறந்தநிலைப் பள்ளித் தேர்வை எழுதவைப்பது மூன்றாவது. வீட்டுக்குப் பக்கத்தில் சின்னப் பள்ளி ஏதாவது பார்த்து மாற்றுவது நாலாவது. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய ஆலோசனைகள் குடும்பத்திலிருந்தே வந்தன. “ஹாஸ்டல்ல போடு, தன்னால சரியாயிடும்” என்ற மாமாவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் பெயர். பள்ளி அலுவலகத்தில் தொடங்குகிற குழப்பம் இதுதான். எங்கள் மருத்துவ அறிக்கையில் ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்’ என்று இருக்கிறது. தெரபிஸ்ட் ‘ஆஸ்பெர்கர் புரொஃபைல்’ என்கிறார். சொந்தக்காரர்கள் ‘கொஞ்சம் ஒரு மாதிரி’ என்கிறார்கள். மூன்றும் ஒரே பிள்ளையைப் பற்றித்தான். வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசவும் படிக்கவும் தெரிந்து, சக பிள்ளைகளோடு மட்டும் ஒட்ட முடியாமல் தவித்த சிறுவர்களைப் பற்றி 1944இல் எழுதினார். 1981இல் லண்டனில் லோர்னா விங் என்ற மனநல மருத்துவர் அதற்கு அவர் பெயரையே வைத்துப் பரவலாக்கினார். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயறிதலாக ஏறியது. 2013இல் அதே கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஆட்டிசம் என்ற ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 11 நோய்ப் பட்டியலும் அப்படித்தான்; அது 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. நடுவில் 2018இல் ஹெர்விக் செக் என்ற ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் பழைய கோப்புகளைத் தோண்டி, நாஜி ஆட்சியில் ஊனமுற்ற குழந்தைகளைக் கொன்ற ஷ்பீகல்க்ரண்ட் மருத்துவமனைக்கு ஆஸ்பெர்கரும் குழந்தைகளை அனுப்பியிருக்கிறார் என்று வெளியிட்டார். அதன் பிறகு இந்தப் பெயரே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அதிகம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பேச்சு தாமதப்படாத, புத்திக்குக் குறைவில்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு குழம்புகிற பெற்றோர் இன்னமும் இந்தப் பெயரில்தான் தேடுகிறார்கள் என்பதால் இங்கே பயன்படுத்துகிறேன். ஆனால் பள்ளிக்கும் அரசுக்கும் கொடுக்கிற எந்தத் தாளிலும் ‘ஆட்டிசம்’ என்றே எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருப்பது அந்தச் சொல்தான்.

தமிழக அரசு படிவங்களில் இதற்குப் ‘புற உலகச் சிந்தனையற்றவர்’ என்றொரு மொழிபெயர்ப்பு உண்டு. யார் வைத்தார்களோ. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிற 29சி எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று வரிசை மாறாமல் ஒப்பிக்கிறவனுக்குப் புற உலகச் சிந்தனை இல்லையாம்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தமிழ்ப் பேச்சு தனிச் சோதனை. மகன் ரொம்ப நாள் கார்ட்டூன் டப்பிங் தமிழ்தான் பேசினான். “அம்மா, நாம் இப்போது புறப்படலாமா?” என்பான். எதிர்வீட்டு நாலு வயதுக் குழந்தையை ‘நீங்கள்’ என்றவன், பள்ளி முதல்வரை ‘நீ’ என்று கூப்பிட்டான். எங்கே ‘நீ’, எங்கே ‘நீங்க’ என்பதை நாம் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வயது, உறவு, பதவி, கோபம் என்று பத்தைக் கலந்து நொடியில் தீர்மானிக்கிறோம். கோபம் வந்தால் அம்மாவே பிள்ளையை “வாங்க சார்” என்கிறாள். இதற்கு என்ன விதி என்று அவன் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்ற கருத்தை வைத்தார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்று சொல்கிறோமே, நமக்கும் அவர்களைப் புரியவில்லை, இரண்டு பக்கமும் பாதிப் பாதி பொறுப்பு என்பது அதன் சாரம். மாலைக் கதையில் அந்த ஆசிரியைக்கு என் மகனைப் புரியவில்லை. ஆனால் டைரியில் எழுதப்பட்டது அவன் பெயர் மட்டும்தான்.

சரி, பள்ளிக்கு வருவோம். நாங்கள் முதலில் செய்த தப்பு, பள்ளிகளைப் பாடத்தை வைத்து ஒப்பிட்டது. என்ன சிலபஸ், என்ன ரிசல்ட், வகுப்பில் ஸ்மார்ட் போர்டு உண்டா. ஆறு மாதம் டைரியைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, வந்த புகார்களில் பெரும்பாலானவை வகுப்பு நேரத்தில் நடந்தவையே இல்லை. இன்டர்வெல், லஞ்ச், பி.டி. பீரியட், பிரேயர், ஆண்டு விழா ஒத்திகை, ஆசிரியர் வராத பீரியட். வகுப்பில் எங்கே உட்காருவது, எப்போது பேசுவது, என்ன எழுதுவது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இன்டர்வெல் மணி அடித்தால் எதுவும் சொல்லப்படுவதில்லை. இரண்டாயிரம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்துகிற மைதானத்தில் யாரோடு போய் நிற்பது, எப்படி விளையாட்டில் சேர்வது, கிண்டலுக்கும் பேச்சுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவனே கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு அளவுகோல் மாலை நாலரை மணி. “ஸ்கூல்ல ஒரு தொந்தரவும் இல்ல, நல்லாத்தான் இருக்கான், வீட்ல செல்லம் குடுக்கிறீங்க” என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அதே நாள் பிள்ளை வீட்டுக்கு வந்து ஷூவை விசிறியெறிந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு மணி நேரம் அழுவான். இரண்டும் உண்மை. பகல் முழுக்க மற்றவர்களைப் பார்த்து நடித்து, கையை ஆட்டாமல், காதைப் பொத்தாமல், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துச் சமாளித்துவிட்டு, பத்திரமான இடம் வந்ததும் மொத்தத்தையும் இறக்கி வைக்கிறான். பெண் பிள்ளைகள் இந்த நடிப்பில் இன்னும் தேர்ந்தவர்கள். அதனாலேயே பலருக்கு இது கண்டுபிடிக்கப்படுவது பதின்வயதில், சில பேருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு. எந்தப் பள்ளியில் இந்த நடிப்பு குறைவாகத் தேவைப்படும் என்பதுதான் எங்களுக்குக் கடைசியில் நின்ற கேள்வி. நாலு வழிகளையும் இதை வைத்துத்தான் எடைபோட்டோம்.

இருக்கிற இடத்திலேயே, ஷேடோ டீச்சரோடு

முதலில் முயன்றது இதைத்தான். பழகிய கட்டடம், பழகிய வேன், பழகிய பெஞ்சு. இப்படிப்பட்ட பிள்ளைக்கு மாற்றம் என்பதே பாதி நோவு என்பதால் இருந்த இடத்திலேயே இருப்பதன் மதிப்பைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஷேடோ டீச்சரின் சம்பளத்தைப் பள்ளி தராது, நாம்தான் தர வேண்டும். எங்களுக்கு அது பள்ளிக் கட்டணத்தைவிட அதிகமாக வந்தது.

வந்த பெண் நல்லவர், பொறுமைசாலி. ஆனால் ஏழாம் வகுப்புப் பையன் பக்கத்தில் ஒரு அக்கா நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? மற்ற பிள்ளைகள் அவனிடம் பேச வேண்டியதை அக்காவிடம் பேசினார்கள். ஆசிரியர்களும் அப்படித்தான். “உங்க பையன் நோட்டு எழுதலை” என்பது அவர் காதுக்குப் போனது. இரண்டாம் வகுப்பில் உதவியாக இருப்பது ஏழாம் வகுப்பில் முத்திரையாகிவிடுகிறது. பேச்சு வந்த, பாடம் புரிகிற பிள்ளைக்கு ஷேடோ டீச்சர் வைப்பதாக இருந்தால் சின்ன வகுப்பில் வையுங்கள், எப்போது விலக்குவது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள் என்பேன். அதற்கு மேல் வயதென்றால் பக்கத்தில் உட்காராமல், இன்டர்வெல்லுக்கும் பி.டி. பீரியடுக்கும் மட்டும் கண் பார்வையில் இருக்கிற ஒருவர் போதும். எந்தப் பள்ளியிலாவது இதற்கு ஒத்துக்கொண்டால் அது நல்ல பள்ளி. எங்கள் பழைய பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. வைத்தால் முழு நாள், இல்லையென்றால் டி.சி.

சிறப்புப் பள்ளி

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். நாங்கள் பார்த்த இடங்களில் ஆசிரியர்கள் அருமையானவர்கள். போன பத்து நிமிடத்தில் எங்கள் பையன் என்ன சத்தத்துக்குக் கூசுகிறான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் பாடத்திட்டம் பெரும்பாலும் பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகள், தொழிற்பயிற்சி என்று போகிறது. அணுக்கரு பிணைவைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறவனுக்கு அங்கே பேச ஆள் இல்லை. சிறப்புப் பள்ளியா சாதாரணப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை சட்டமே தருகிறது என்பதால் யாராவது இதைத் திணித்தால் மறுக்கலாம். ஒரே ஒரு சூழலில் மட்டும் இதை நான் ஆதரிப்பேன்: பழைய பள்ளியில் நொறுங்கிப் போய், பள்ளி என்ற சொல்லைக் கேட்டாலே வாந்தியெடுக்கிற பிள்ளைக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ மூச்சுவிட ஓர் இடமாக. மதிப்பீட்டுக்கும் தெரபிக்கும் நம் ஊரில் நல்ல வழிகள் உண்டு. முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் அதில் ஒன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தனியார் பள்ளிப் பெற்றோரில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வீடும் என்.ஐ.ஓ.எஸ்.-உம்

தெரபி சென்டர் வராந்தாவில் உட்கார்ந்தால் அதிகம் காதில் விழுவது இதுதான். “என்.ஐ.ஓ.எஸ். போட்டுருங்க மேடம், டென்ஷனே இல்ல.” 1989இல் மத்திய அரசு தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி வாரியம் இது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது முடிந்திருந்தால் போதும். ஐந்து பாடம். அதில் ஒரு மொழி இருந்தால் போதும், கணக்கு கட்டாயமில்லை. ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி என்று பட்டியல் பெரியது. தமிழையும் மொழிப் பாடமாக எடுக்கலாம். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடம், ஒன்பது வாய்ப்பு. இந்த முறை இரண்டு, அடுத்த முறை இரண்டு என்று எழுதலாம். வருடத்துக்கு இரண்டு பொதுத் தேர்வு.

ஒரு விஷயத்தில் மூழ்கினால் மூன்று மாதம் வேறெதையும் தொடாத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு முறை நம் நாட்டில் இல்லை. மைதானம் இல்லை, பெல் இல்லை, நடிப்பே இல்லை. நாலரை மணி அளவுகோலில் இதற்கு நூற்றுக்கு நூறு.

பிறகு ஏன் போகவில்லை? முதல் காரணம் வீட்டில் யார் இருப்பது என்ற கேள்வி. பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஒரே விடைதான், அம்மா வேலையை விடுவாள். இதைச் செலவுக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. இரண்டாவது, டென்ஷன் குறைகிறதே தவிரப் படிப்பு குறைவதில்லை. தேர்வு மையம் புது இடம், புது முகங்கள், அங்கே மகனைத் தனியாக உட்காரவைக்கத்தான் வேண்டும். மூன்றாவது, பாடத் தேர்வு. கணக்கை விட்டுவிட்டால் அன்றைக்கு நிம்மதிதான். ஆனால் பதினொன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்று அவன் கேட்கும்போது கதவு மூடியிருக்கும். பதினான்கு வயதுப் பிள்ளையின் சிரமத்தைப் பார்த்துப் பதினெட்டு வயதுக்காரனின் வழியை அடைத்துவிடக் கூடாது. நாலாவது காரணம் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்ல வேண்டியது. வீட்டில் இருந்த கோடை விடுமுறை இரண்டு மாதத்தில் அவன் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரிடமும் பேசவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தான். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எங்களுக்குப் பயம் வந்தது. பயந்தது சரியா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஒத்த ரசனையுள்ள நாலைந்து பிள்ளைகள் சேர்கிற சின்னக் கற்றல் மையம் பக்கத்தில் இருக்கிற குடும்பங்களுக்கு இந்த வழியைத் தயங்காமல் சொல்வேன். எங்களுக்கு அருகில் இல்லை. அதனால் இதைக் கடைசித் துருப்பாகக் கையில் வைத்துக்கொண்டோம்.

சின்னப் பள்ளியும் சமச்சீர்ப் புத்தகமும்

கடைசியில் போனது இங்கேதான், அதுவும் நேர்வழியில் இல்லை. முதலில் மாற்றுக் கல்விப் பள்ளிகளைப் பார்த்தோம். மரத்தடி, மண், தேர்வில்லாத வகுப்பு, பிள்ளை விரும்பியதைப் படிக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது. மகனுக்கு இரண்டு மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது. “அடுத்து என்னன்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க” என்றான். நாள் முழுக்க இன்டர்வெல்லாக இருக்கும் பள்ளி அது என்று அப்போதுதான் உறைத்தது. சுதந்திரமான சூழலில் மலர்கிற ஆட்டிசம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்; என் பிள்ளை கால அட்டவணையைப் பிடித்துக்கொண்டு நீந்துகிறவன்.

அப்புறம் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய மெட்ரிக் பள்ளி. பிரிவுக்கு இருபத்தைந்து பிள்ளைகள், ஒரே ஒரு மாடி, சுமாரான பெயின்ட். மாநிலப் பாடத்திட்டம். சி.பி.எஸ்.இ.-யிலிருந்து ஸ்டேட் போர்டுக்கா என்று அபார்ட்மென்ட்டில் புருவம் உயர்ந்தது. எங்களுக்கும் தயக்கம் இருந்தது. ஆனால் இரண்டு வினாத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வேறு படம் தெரிந்தது. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புத் தாளில் இப்போது ஏறத்தாழ பாதி மதிப்பெண் திறன் சார்ந்த கேள்விகளுக்கு. ஒரு சூழ்நிலையைக் கதைபோல விவரித்து, இந்த இடத்தில் நீ என்ன செய்வாய், அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்பார்கள். கல்வியாளர்கள் இதைப் பாராட்டுகிறார்கள், சரிதான். ஆனால் கேள்விக்குள் இருக்கும் மனிதர் மனத்தை ஊகிக்க வேண்டிய இடத்தில் என் பிள்ளைக்கு மதிப்பெண் போகும், அறிவியல் தெரியாததால் போகாது. மாநிலப் பாடத்தில் புத்தகம்தான் எல்லை, பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விதான் வழிகாட்டி. மனப்பாடக் கல்வி என்று நாமெல்லாம் திட்டுகிற அதே குணம் இவனுக்குக் கைப்பிடி. தமிழ்த் தேர்வில் ‘அடிபிறழாமல் எழுதுக’ என்று செய்யுள் கேட்பார்களே, அதில் அவனை வெல்ல ஆள் இல்லை. அதே தாளில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று படம் கொடுப்பார்கள். முதல் முறை அவன், “படத்தில் மூன்று மரங்கள், ஒரு கிணறு, இரண்டு ஆடுகள் உள்ளன” என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டான். கவினுற என்றால் என்ன என்று தமிழ் ஐயா உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடைமொழி, ஓர் உவமை, கடைசியில் ஒரு வாழ்த்து. விதி கிடைத்துவிட்டதால் இப்போது எழுதுகிறான். கிணற்றுக்கும் வாழ்த்து எழுதுகிறான்.

மொழிகளும் ஒரு கணக்கு. பழைய பள்ளியில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று. இங்கே இரண்டு. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் படிக்க வேண்டும் என்றாலும், மாற்றுத்திறனாளி மாணவர்கள் ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகவும், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரையும் கேட்கலாம். சி.பி.எஸ்.இ.-யிலும் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், மொழி விலக்கு எல்லாம் உண்டு. இந்த விஷயத்தில் எந்த வாரியமும் மற்றதற்குக் குறைந்ததில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே இவற்றைச் சொல்கிறது. கையெழுத்து மெதுவாக வருகிற பிள்ளைக்குக் கூடுதல் நேரம் பெரும்பாலும் போதும். முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுப் பதில் சொல்வது இவனுக்கு எழுதுவதைவிடக் கஷ்டம். அதனால் நாங்கள் அதைக் கேட்கவில்லை.

மாற்றியதில் எதுவும் போகவில்லை என்று சொல்ல முடியாது. அங்கே இருந்த ரோபோட்டிக்ஸ் லேப் இங்கே இல்லை. பழைய வகுப்பில் அவனோடு செஸ் விளையாடிய ஒரே பையனும் போனான். அந்த இடத்தை இன்னும் யாரும் நிரப்பவில்லை.

சொல்வதா, மறைப்பதா

எந்தப் பள்ளியாக இருந்தாலும் இந்தக் கேள்வி வரும். மறைத்தால் இடம் சுலபமாகக் கிடைக்கும். சொன்னால் “எங்களிடம் வசதி இல்லை” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளி ஊனத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வேண்டாவெறுப்பாக இடம் கொடுத்த பள்ளியில் பிள்ளையைத் தினமும் விடப்போவது நாம்தான் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. முதல் பள்ளியில் நாங்கள் மறைத்தோம். அதன் விலைதான் அந்தச் சிவப்பு மை. இரண்டாவது முறை பள்ளி தேடியபோது முதல் சந்திப்பிலேயே சொன்னோம். மூன்று பள்ளிகள் கைவிரித்தன, நாலாவது உட்காரச் சொன்னது. நோயின் பெயரை விளக்கி நேரத்தை வீணாக்காமல் ஒரு பக்கத் தாள் கொடுத்தோம். அதில் நாலு வேண்டுகோள்: கிண்டலாகச் சொல்லாமல் நேராகச் சொல்லுங்கள், கால அட்டவணை மாறினால் முன்கூட்டியே சொல்லுங்கள், இன்டர்வெல்லில் நூலகம் திறந்திருக்கட்டும், காதைப் பொத்தினால் வெளியே போக அனுமதியுங்கள். நாலுக்கும் காசு செலவில்லை. தலைமையாசிரியை படித்துவிட்டு, “இது எல்லாப் பிள்ளைக்கும் செய்ய வேண்டியதுதானே” என்றார். முடிவு அந்த இடத்திலேயே ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தனி விஷயம். ஆட்டிசத்தை அளக்க ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல் இருக்கிறது. 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. மொத்தம் 70 வந்தால் 40 சதவீத ஊனம் என்று கணக்கு. சட்டத்தின் முக்கியச் சலுகைகள், உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு உட்பட, தொடங்குவது அந்த 40இல்தான். நன்றாகப் பேசுகிற பிள்ளைகள் இந்தக் கோட்டின் மேலேயும் கீழேயுமாகத் தள்ளாடுவார்கள். மதிப்பீடு நடப்பது அமைதியான அறையில், பெரியவர் ஒருவர் தெளிவாகக் கேள்வி கேட்க. அவனுடைய மிகச் சிறந்த முகம் தெரிகிற இடம் அது. அதனால் டைரி, பள்ளிக் கடிதங்கள், நாலரை மணிக்கு வீட்டில் நடப்பதைப் பற்றிய குறிப்புகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். 40க்குக் கீழே வந்தாலும் வழி முழுதாக அடைபடவில்லை. 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சொல்வதை எழுதுபவரைக் கேட்க 40 சதவீதம் என்ற நிபந்தனை தேவையில்லை என்று தீர்ப்பளித்திருக்கிறது. சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியது போலாகாதா என்று என் மாமியார் கேட்டார். ‘திமிர் பிடித்தவன்’ என்ற முத்திரை ஏற்கெனவே இருக்கிறது அத்தை, இது அதைவிடப் பரவாயில்லை என்றேன்.

பள்ளி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: அட்மிஷன் நாளில் போகாதீர்கள். சாதாரண நாளில், காலை இன்டர்வெல் நேரத்துக்குப் போய்ப் படிக்கட்டுப் பக்கம் நில்லுங்கள். தனியாக நிற்கும் பிள்ளைகளை எண்ணுங்கள். அவர்கள் பக்கத்தில் எந்த ஆசிரியராவது போகிறாரா, போய் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். முடிந்தால் பிள்ளையையும் கூட்டிப்போய் அவன் எந்த மூலையைத் தேடிப் போகிறான் என்று பாருங்கள்.

மகன் இப்போது பத்தாம் வகுப்பு. இன்டர்வெல்லில் நூலகம் போகிறான். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ மைதானத்துக்கும் போகிறானாம், ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. பிரேயர் இன்னும் பிரச்சினைதான், மைக் சத்தம். பொதுத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டு விண்ணப்பம் தயாராக இருக்கிறது. மொழி விலக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான், செய்யுள் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டதே என்று. விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லி அவனே ஒரு கடிதம் எழுதித் தந்திருக்கிறான். அதில் ஒரே கேள்வி: கூடுதல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டுமா, முடித்துவிட்டால் எழுந்து வரலாமா?